தேங்காய்ப்பூத் துண்டா, ஈரிழையா? எது எத்தனை நாள் உழைக்கும், கிழிந்தபின் எதற்கு ஆகும்

துண்டுக் கடையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தடவிப் பார்ப்பது. ஏமாறுவதும் அங்கேதான். புதுத் துண்டின் வழவழப்பில் பாதிக்கு மேல் பஞ்சுக்குச் சம்பந்தமில்லை. ஆலையில் கடைசியாக ஏற்றும் சிலிக்கோன் பூச்சு அது. பூச்சு இருக்கும்வரை தண்ணீர் துணிக்குள் இறங்காமல் மேலேயே உருளும். நாலைந்து துவைப்பில் அது போய்விடும். வாங்கியது என்ன துண்டு என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வாங்குகிற துண்டுகள் இன்று பெரும்பாலும் நான்கு ரகம்: ஈரிழை, தேங்காய்ப்பூ என்கிற டர்க்கி டவல், ‘மூங்கில்’ என்று விற்பவை, மைக்ரோஃபைபர். எது எத்தனை நாள் உழைக்கிறது, எதனால் வீணாகிறது, குளியலறையை விட்டு வெளியேறிய பிறகு எந்த வேலைக்கு ஆகும் என்ற மூன்றையும் வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறது. மூன்றாவது கேள்வியை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. கேட்டால் முதலிரண்டு ரகங்களைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

ஈரிழைத் துண்டு

பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) இரண்டிரண்டு இழைகளாகச் சேர்த்து நெய்த சாதா நெசவு. வளையம் கிடையாது, தடிமன் கிடையாது. ஒரே அளவுள்ள தேங்காய்ப்பூத் துண்டின் பாதி எடைகூடப் பெரும்பாலும் வராது. கன்னத்தில் வைத்தால் சொரசொரக்கும். ஆனால் உடம்பைத் துடைத்து, அலசி, உதறிக் கொடியில் போட்டால் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இதன் ஆயுள் ரகசியம் அந்த ஒன்றுதான். ஈரமாகக் கிடக்காத துணி நாறாது. நாறாத துணியை வெந்நீர், பிளீச்சிங் என்று வதைக்க வேண்டியதில்லை.

எண்ணெய்க் குளியலுக்கு இதைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். சீயக்காய், அரப்புத் தூள் தேங்காய்ப்பூத் துண்டின் வளையங்களுக்குள் புகுந்தால் உதறினாலும் போகாது, துவைத்தாலும் முழுக்கப் போகாது. ஈரிழையில் ஓர் அலசலில் ஓடிவிடும்.

வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். ஊடை நூல் ஓரத்தில் திரும்பித் துணிக்குள்ளேயே மறுபடி போயிருந்தால் நாடா (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) ஓடுகிற தறியில் நெய்தது. கைத்தறியானாலும் பழைய விசைத்தறியானாலும் இந்த ஓரம் பிரியாது. நாடா இல்லாத தறியில் ஓர நூல் வெட்டப்பட்டிருக்கும், அதை மடித்துத் தைத்திருப்பார்கள். மடிக்காமல் வெறும் ஓவர்லாக் மட்டும் ஓட்டியிருந்தால் வேண்டாம், அந்தத் தையல்தான் முதலில் விடும். அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புதுசிலேயே கண்ணி கண்ணியாக வெளிச்சம் தெரிந்தால் கஞ்சியை நம்பி நிற்கிற துணி அது. கஞ்சி போனதும் தொளதொளத்துவிடும்.

புதுத் துண்டை வெறும் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கசக்கி அலசினால் கஞ்சி இறங்கும். சிவப்பு, பச்சை, கருநீலம் என்றால் முதல் இரண்டு மூன்று முறை தனியாகத் துவைக்க வேண்டும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பது வீட்டு வாளியில் நடக்கிற காரியமல்ல. நூலோடு சேராமல் மேலே ஒட்டியிருக்கிற உபரிச் சாயம் போய்த்தான் தீரும். அது போன பிறகு தானாக நிற்கும்.

ஈரோடு, சென்னிமலைப் பக்கத்துச் சரக்கு நம்பி வாங்கலாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறி ரகம் கிடைக்கும். ஈரோடு ஜவுளிச் சந்தையில் மொத்தமாக எடுத்தால் விலை குறையும், ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க விட மாட்டார்கள். தென்மாவட்டங்களில் குற்றாலத் துண்டு என்று கிடைக்கும் மெல்லிசு ரகம் பயணத்துக்கு அருமை. தினப்படிக்கு வாங்கினால் சீக்கிரம் சல்லடையாகிவிடும்.

தேங்காய்ப்பூத் துண்டு

இதற்குத் தறியில் இரண்டு பாவு. ஒன்று இறுக்கமாக நிற்கும், அது அடித்துணி. இன்னொன்று தளர்வாக வரும். ஊடை நூலைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் போட்டு, பெரும்பாலும் மூன்று ஊடைக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கும்போது தளர்ந்த பாவு வளையமாக எழும்பும். தண்ணீரை உறிஞ்சுவது வளையம், துண்டைத் தாங்குவது அடித்துணி. கடையில் எல்லோரும் வளையத்தைத் தடவுகிறார்கள். பார்க்க வேண்டியது அடித்துணியை. வளையங்களை விரலால் விலக்கிப் பாருங்கள். அடியில் நூல் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு வளையத்தை நகத்தால் லேசாக இழுத்தால் சுலபமாக நீண்டு வரக்கூடாது.

எடையை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே அது. அட்டையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், தராசில் வைக்கச் சொல்லுங்கள். 75 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளமுள்ள துண்டின் பரப்பு 1.125 சதுர மீட்டர். எடை 500 கிராம் என்றால் 500-ஐ 1.125-ஆல் வகுக்க 444 ஜிஎஸ்எம் வரும். அதே அளவுத் துண்டில் ‘600 ஜிஎஸ்எம்’ என்று எழுதியிருந்தால் 675 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் அட்டை பொய் சொல்கிறது.

நம் ஊருக்கு 400 முதல் 450 வரை போதும் என்பதே இந்த மதிப்பீட்டின் முடிவு. ஓட்டல் அறையில் தொங்குகிற 600, 700 ரகங்களுக்குப் பின்னால் வெந்நீர்ச் சலவை இயந்திரமும் சூடான உலர்த்தியும் இருக்கின்றன. வீட்டில் அந்தத் துண்டு ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளானாலும் நடுமடிப்பில் ஈரம் காயாமல் கிடக்கும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். தடிமன் கூடினால் ஆயுளும் கூடும் என்று நினைத்துத்தான் காசைக் கூடக் கொடுக்கிறோம். நடப்பதோ தலைகீழ்: காயாமல் நாறுகிறது, நாற்றம் போக அடிக்கடி கடுமையாகத் துவைக்கிறோம், அந்தத் துவைப்பே அதைக் கொல்கிறது.

மலிவு ரகத்தில் இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். ஒன்று, ஓ.இ. (ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும்) மில்களில் கழிவுப் பஞ்சு கலந்து நூற்ற நூல். இழை குட்டை என்பதால் பஞ்சு உதிர்ந்துகொண்டே இருக்கும். புதுத் துண்டு எதுவும் இரண்டு மூன்று துவைப்பு வரை உதிர்க்கும். பத்தாவது துவைப்பிலும் கறுப்புச் சட்டையில் பஞ்சு ஒட்டினால் நூலே அப்படி. இன்னொன்று, பாலியஸ்டர் கலப்பு. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். கலப்படத் துண்டைச் சமையலறைப் பிடிதுணியாக மாற்றினால் கையில் உருகி ஒட்டும், அதனால் இந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது.

புவிசார் குறியீடு பெற்ற சோலாப்பூர் டெர்ரி (தேங்காய்ப்பூ) துண்டுகள் நம்மூர்க் கடைகளுக்கும் வருகின்றன, நல்ல நடுத்தர ரகம். கரூரில் ஏற்றுமதி மிச்சம் என்று விற்பவற்றில் துணி தரமாக இருக்கும். அளவு, சாயத் திட்டு, தையல் ஆகிய மூன்றை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். எந்தத் துண்டானாலும் நான்கு மூலைகளிலும் தையல் முன்னும் பின்னும் ஓடி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சில்லாத மூலைதான் இயந்திரத்தில் முதலில் பிரிகிறது.

மற்ற இரண்டும்

‘மூங்கில் துண்டு’ என்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் இழை. தொட்டால் பட்டு மாதிரி. ஆனால் பருத்தி இழை நனைந்தால் வலுவாகும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவைப் பெருமளவு இழந்துவிடும். துண்டு என்பதே நனைவதற்கான பொருள் என்பதால் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோஃபைபர் தலைமுடிக்கும் வண்டி துடைக்கவும் சரி. சீக்கிரம் காயும், உழைக்கவும் உழைக்கும். வெந்நீரும் இஸ்திரியும் ஆகாது, ஒவ்வொரு துவைப்பிலும் பிளாஸ்டிக் நுண்ணிழை சாக்கடைக்குப் போகும், ஓய்ந்த பிறகு மக்காது.

எது துண்டைக் கொல்கிறது

முதல் எதிரி தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி வளையங்களுக்குள் படியும். துண்டு சாம்பல் பூத்து, விறைத்து, தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கும். ‘பழசாகிவிட்டது’ என்று ஒதுக்கப்படும் துண்டுகளில் பல உண்மையில் பழசாகவில்லை, அடைத்துக்கொண்டிருக்கின்றன. சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். காய்ந்த துண்டின் மேல் விட்டால் உடனே இறங்க வேண்டும். முத்தாக நின்றால் அடைப்பு.

இதைச் சரிசெய்யலாம். ஐந்து லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி அலசுங்கள். தண்ணீர் கலங்கலாக வரும். அதுதான் இத்தனை நாள் படிந்த எண்ணெயும் சோப்பும். பிறகு புது ஐந்து லிட்டர் தண்ணீரில் 100 மில்லி வெள்ளை வினிகர், அல்லது இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் போட்டு இருபது நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். இது சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். சோடாவையும் வினிகரையும் ஒரே வாளியில் கலந்தால் நுரைதான் மிஞ்சும், இரண்டின் குணமும் போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ சிட்ரிக் ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் துண்டில் பழுப்புக் கறை ஏறும். அதற்கு பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாக உட்காரும். சிட்ரிக் ஆசிட்தான் அதற்கு மருந்து.

அடுத்தது, துணி மணக்க என்று கடைசி அலசலில் ஊற்றுகிற மென்மைத் திரவம். சட்டைக்குச் சரி, துண்டுக்குச் சத்துரு. இழையின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் விரித்து, உறிஞ்சும் வேலையைக் கெடுக்கும். துண்டு விறைப்பாகக் காய்வதுதான் குறை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. பிழிந்த துண்டின் இரண்டு மூலைகளைப் பிடித்து ‘பட் பட்’டென்று பத்து முறை உதறிவிட்டுக் கொடியில் போடுங்கள். காய்ந்த பிறகும் பஞ்சில் தங்கியிருக்கும் கொஞ்சம் ஈரம் இழையோடு இழையை ஒட்டவைப்பதால்தான் அந்த விறைப்பு. உதறினால் படுத்த வளையங்கள் எழும்பிக் காயும், காய்ந்ததும் இன்னொரு முறை உதறினால் ஒட்டு விடும்.

நாற்றத்துக்கு வருவோம். துவைத்துக் காயவைத்த துண்டு, முகத்தில் வைத்து ஈரமானதுமே முடை நாற்றம் வீசுகிறதென்றால் சோப்பு போதவில்லை என்று அர்த்தமில்லை. மொராக்செல்லா என்ற பாக்டீரியா இழைக்குள் குடியிருக்கிறது. துணி வாடைக்கு இது காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். சாதாரணத் துவைப்பையும் காய்தலையும் தாங்கி நிற்கும் கிருமி இது. வெள்ளைப் பருத்தித் துண்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் போகும். வண்ணத் துண்டுக்கு 60 டிகிரி வெந்நீரில் ஆக்சிஜன் பிளீச் போட்டு ஒரு மணி நேரம். அதற்கும் மசியாமல் ஒரே வாரத்தில் வாடை திரும்பினால், அதைத் தரை துடைக்க இறக்கிவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டிப் போட்டு விழுந்த கரும்புள்ளிகள் எந்த வைத்தியத்துக்கும் முழுசாகப் போகாது.

தலைக்கு எண்ணெய் வைக்கும் வீடுகளில் சிக்கு வாடை தனிப் பிரச்சினை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இழையில் படிந்து காற்றுப்பட்டுக் கெடுவதால் வருவது. தலைக்கென்று ஒரு ஈரிழையை ஒதுக்கிவைத்தால் மற்ற துண்டுகள் தப்பிக்கும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் இரண்டொரு நாளில் மங்கிவிடும். ஆனால் நீலத் துண்டில் காரணமே தெரியாமல் வெளிறிய, ஆரஞ்சு நிறத் திட்டுகள் விழுந்தால் வீட்டில் முகப்பருக் களிம்பு பூசுகிறவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பென்சாயில் பெராக்சைடு சாயத்தையே வெளுத்துவிடும். கறையல்ல, நிறம் போன இடம் என்பதால் துவைத்துப் பயனில்லை. அவருக்கு வெள்ளைத் துண்டு வாங்கிக் கொடுங்கள்.

முறுக்கிப் பிழிவதும் ஆயுளைக் குறைக்கும், குறிப்பாக ஈரிழையை. எப்போதும் நடுவில்தான் முறுக்கு விழும். அதனால்தான் ஈரிழை நடுவில் நீளவாக்கில் கிழிகிறது. மடித்து அழுத்திப் பிழியுங்கள். தேங்காய்ப்பூவில் வளையம் இழுத்துக்கொண்டு நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள். நெய்த துணி என்பதால் பனியன்போலப் பிரிந்து ஓடாது.

எத்தனை நாள்

ஆண்டுக் கணக்கைவிடத் துவைப்புக் கணக்கு நியாயமானது. ஓர் ஆளுக்கு இரண்டு தேங்காய்ப்பூத் துண்டு, மூன்று குளியலுக்கு ஒருமுறை துவைப்பு என்றால் ஒவ்வொரு துண்டும் ஆண்டுக்குச் சுமார் அறுபது முறை துவைபடும். அந்தக் கணக்கில் 400–450 ரகம் நல்ல தண்ணீரில் மூன்று ஆண்டு தாராளமாக வரும், உப்புத் தண்ணீரில் இரண்டு. ஈரிழையைப் பெரும்பாலோர் தினமும் அலசிப் போடுகிறார்கள். இரண்டை மாற்றி மாற்றி எடுத்தால் ஒன்றுக்கு ஆண்டுக்கு நூற்றெண்பது அலசல். ஒன்று, ஒன்றரை ஆண்டில் நடு மெலியும். காலண்டரில் குறைவாகத் தெரிகிற ஈரிழைதான் துவைப்புக் கணக்கில் முந்தி நிற்கிறது. விலை குறைவு என்பதையும் சேர்த்தால் தினப்படிக்கு ஈரிழை, குளிர்காலத்துக்கும் குழந்தைகளுக்கும் விருந்தாளிக்கும் தேங்காய்ப்பூ என்று பிரித்துக்கொள்வதே சிக்கனம்.

ஓய்ந்த துண்டை என்ன செய்யலாம்

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேய்ந்த இடம் தெரியும். பெரும்பாலும் நடு மட்டும் போயிருக்கும், இரண்டு முனைகளும் திடமாக இருக்கும். 75க்கு 150 தேங்காய்ப்பூத் துண்டின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 40 செ.மீ. வெட்டி, அதைக் குறுக்கே இரண்டாக்கினால் நான்கு கைத்துண்டுகள் கிடைக்கும். மிஞ்சுகிற 70 செ.மீ. நடுத்துண்டை இரண்டாக மடித்து, சுற்றிலும் ஒரு தையல், குறுக்கே பெருக்கல் குறிபோல இரண்டு தையல் போட்டால் குளியலறை வாசலுக்குக் கால்மிதி. டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் வலை இல்லாமல் போடக்கூடாது, முதியவர்கள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக.

வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் வீடெல்லாம் பஞ்சு பறக்கும். ஓரத்தில் ஒரு செ.மீ. அகலத்துக்கு வளையங்களைக் கத்தரித்துவிட்டு மடித்துத் தைத்தால் தடிமன் குறைந்து ஊசி ஓடும். 16-ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ.க்கு மேல். இல்லையென்றால் தையல்காரரிடம் ஓவர்லாக் மட்டும் ஓட்டி வாங்குங்கள். ஈரிழைக்குக் கத்தரியே வேண்டாம். ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டு இழுத்தால் நூல் பிடித்து நேராகக் கிழியும்.

கரித்துணிக்குச் சுத்தப் பருத்தித் தேங்காய்ப்பூவே சிறந்தது. 20 செ.மீ. சதுரத்தில் நான்கு அடுக்கு வைத்துத் தைத்தால் குக்கரையும் இரும்புச் சட்டியையும் இறக்கலாம். ஈரத்துணியால் பிடித்தால் சூடு சட்டென்று தாவி, ஆவி கையைச் சுட்டுவிடும். எனவே மேடை துடைப்பதற்கும் பாத்திரம் பிடிப்பதற்கும் ஒரே துணி ஆகாது. ஈரிழையின் மிச்சம் கண்ணாடி, மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி துடைக்கப் பஞ்சு ஒட்டாமல் வேலை செய்யும். பயறு முளைகட்டவும் வடகம் ஊற்றவும் துணி தேவைப்பட்டால் உடம்பு துடைத்த துண்டு வேண்டாம், பழைய வேட்டி எடுங்கள். அதுவும் தேங்காய்ப்பூ என்றால் காய்ந்த வடகம் வளையத்தில் சிக்கி, பின்பக்கம் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் உரிந்து வராது.

வண்டி கழுவத் தேங்காய்ப்பூ நல்லது, ஆனால் தைத்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். பெயிண்டில் கீறல் போடுவது அந்த ஓரம்தான். சங்கிலி, என்ஜின் கிரீஸுக்குப் பனியன் வேஸ்ட் இதைவிட மேல். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். நாய்க்கு விரிப்பாகப் போடும்போது நீண்ட வளையங்கள் நகத்தில் மாட்டும், எனவே ஈரிழை பாதுகாப்பு.

ஊருக்குப் போகும் நாட்களில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் காட்டவும் பழைய துண்டு உதவும். மூன்று செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி நனைத்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணில் ஐந்து செ.மீ. புதைத்து, மறுமுனையை வாளியின் அடிவரை விடுங்கள். வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். மென்மைத் திரவம் ஏறிய துண்டு தண்ணீரை இழுக்காது. முன்சொன்ன சோடா வைத்தியம் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அதற்கும் ஆகாதவை உரக்குழிக்குப் போகலாம், சுத்தப் பருத்தியாக இருந்தால் மட்டும். ஐந்து செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஈரமாக, காய்கறிக் கழிவுக்கு நடுவே பரப்பினால் சில மாதங்களில் மக்கும். மொத்தமாகத் திணித்தால் பாய்போலக் கிடக்கும். ஓரத்தையும் அட்டைச்சீட்டையும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். துணி பருத்தியாக இருந்தாலும் அதைத் தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். மண்ணில் அது மட்டும் அப்படியே கிடக்கும்.